கறைக்குள் போன முதல் எழுத்து

ஒரே மேசை. இந்தப் பக்கம் என் வீட்டுக்காரருடைய போன், அந்தப் பக்கம் மகள் விட்டுப்போன பழைய லேப்டாப். நடுவில் ஒரு சாண் இடம்தான். ஆனாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியவில்லையாம். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு என் மகள் சொன்னாள்.

“ரெண்டும் ஒரே வைஃபைல இருக்கணும்மா. அப்பதான் ஒண்ண ஒண்ணு கண்டுபிடிக்கும்.”

“எதிருக்கு எதிரா வெச்சிக்கினு இருக்கேன்டி. இதுக்கு மேல என்னாத்தக் கண்டுபிடிக்கணும்?”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எங்கள் வீட்டில் வைஃபை கிடையாது. என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடச் சொன்னாள். அவளோடு பேசிக்கொண்டிருந்ததும் அதே போன்தான். காதில் வைத்தால் திரை தெரியாது, திரையைப் பார்த்தால் அவள் சொல்வது கேட்காது. ஸ்பீக்கரில் போட்டாலோ, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்தான் அவளுக்குக் கேட்கிறதாம். ஜோகுபாளையத்தில் எங்கள் சந்து அப்படி; ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். நான் கார்மென்ட்ஸில் செக்கிங் பிரிவில் இருந்தவள். சட்டையில் ஒரு தையல் தப்பியிருந்தால் எட்ட நின்றே சொல்லிவிடுவேன். இந்த வேலையில் எது சட்டை, எது தையல் என்றே விளங்கவில்லை.

அவருடைய போனுக்குள் ஒரு வீடியோ இருந்தது. என் வீட்டுக்காரரின் குரல் மிச்சமிருந்தது அதில்தான்.

அவர் சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “டிக்கெட், டிக்கெட், முந்தெ ஹோக்ரீ” என்று அவர் படியில் நின்று கன்னடத்தில் கத்தினால், பின்னால் வருகிற பஸ்ஸில் இருப்பவர்களும் முன்னால் நகர்வார்கள் என்று டிப்போவில் கேலி செய்வார்களாம். வீட்டிலும் அதே குரல்தான். ரகசியம் பேசத் தெரியாத மனுஷன். நான் என் அக்காவைப் பற்றி ஏதாவது காதில் சொன்னால், “ஓ, அப்படியா சொன்னா உங்க அக்கா?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார். அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் ஆள் தங்குவார் என்றார் டாக்டர். எடுத்தார்கள். ஆள் தங்கினார். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி, அதன் வழியாக மூச்சு. பேச்சு போயிற்று.

ஆபரேஷனுக்கு முன்பே மகள் சொல்லியிருந்தாள். “அப்பா, என்ன வேணும்னாலும் பேசி வீடியோ எடுத்து வை. கொஞ்ச நேரம் பேசினாப் போதும். அத வெச்சிக் கம்ப்யூட்டர்ல உன் குரலையே செஞ்சிரலாம். அப்புறம் நீ டைப் பண்ணாப் போதும், அது உன் குரல்ல பேசும்.” எனக்கு நம்பிக்கை இல்லை. அவருக்கு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், மேசைமேல் சாமி படத்துக்குச் சாய்வாகப் போனை நிறுத்தி, முதலில் சும்மா ஒரு சின்ன வீடியோ எடுத்துப் பார்த்தார். ஓடுகிறதா, குரல் விழுகிறதா என்று பார்ப்பதற்கு. அதில் நானும் இருந்தேன். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் சமையலறையில் உலை வைத்தேன். அரிசி வெந்து, கஞ்சி வடித்து, சோறு ஆறுகிற வரைக்கும் உள்ளே பேசிக்கொண்டே இருந்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மெல்லப் பேசியது அன்றைக்குத்தான். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஒரு தடவை சிரித்தார். ஒரு தடவை ரொம்ப நேரம் சத்தமே இல்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

“என்னய்யா பேசினே இவ்ளோ நேரம்?” என்றேன்.

“அப்புறமா நீயே கேட்டுக்க” என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம். மகளுக்கு அனுப்பப் பார்த்தபோது வீடியோ ரொம்பப் பெரிசு என்று போன் மறுத்துவிட்டது. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். எங்கே ஓடிவிடப் போகிறது, போனில்தானே இருக்கிறது என்று நினைத்தோம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீடியோவுக்கு ஏன் இத்தனை பாடு என்று தோன்றும். நாங்கள் இரண்டு பேரும் இந்தக் கன்னட ஊரிலேயே வளர்ந்த தமிழர்கள்; அவர் ஒக்கலிபுரத்துக்காரர். சர்க்கார் வேலை கிடைக்கும் என்று அவர் அப்பா கன்னடப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். நான் இதே ஜோகுபாளையத்தில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எனக்குக் கன்னடம் பேச வரும், சண்டை போடவும் வரும், படிக்க வராது. அவருக்குத் தமிழ் வாய் நிறைய வரும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. பஸ்ஸில் என்ன போர்டு என்று அவர் படித்துச் சொல்வார். வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை நான் படித்துச் சொல்வேன். நடுவில் பேச்சு இருந்ததே, அது போதும்.

பேச்சு போன பிறகுதான் தெரிந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூடக் கிடையாது என்று.

குழந்தைகள் எழுதி, பட்டனை அமுக்கினால் அழிந்துவிடுமே, அந்த ஸ்லேட்டு ஒன்று வாங்கினோம். அவர் தமிழைக் கன்னட எழுத்தில் எழுதுவார். எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டுவார். நான் முழிப்பேன். உதட்டை அசைத்துக் காட்டுவார். சோறு, தண்ணி, மாத்திரை, ஃபேனைப் போடு என்கிற அளவுக்கு உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் போனால் ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாவிடம் ஓடுவேன். அவள் வாசலில் நின்று, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பாள்.

“‘சாம்பார்ல உப்பே இல்ல, உங்க அம்மா வீட்டு சமையல் மாரி இருக்கு’ அந்தா பரெதிதாரெ, இப்படி எழுதிருக்காருக்கா” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

“யோவ், ஊரு சிரிக்க வெக்கறியா?” என்று நான் வீட்டுக்குள் வந்து கத்துவேன். அவர் தோள் குலுங்கும். சத்தம் வராது. அந்தச் சத்தமில்லாத சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள் அவள் ஸ்லேட்டை வாங்கிப் படித்துவிட்டு, முகம் சிவந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “இது நான் படிக்கக் கூடாதுக்கா. நீங்களே அவரக் கேளுங்க.” நான் எப்படிக் கேட்பேன்? கேட்டால் அவர் எப்படிச் சொல்வார்? வீட்டுக்கு வந்தேன். அவர் பட்டனை அமுக்கி அழித்துவிட்டார்.

அதனால்தான் அந்த வீடியோ. அது மகளிடம் போனால் குரல் தயாராகும். அவர் கன்னட எழுத்தில் தட்டினால், தமிழ் அவர் குரலில் வெளியே வரும். நடுவில் யாரும் வேண்டாம்.

போன் உடைந்தது ஒரு போன் காலால். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மணி அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்துக் காதில் வைத்துவிட்டார். அந்தப் பக்கம் யாரோ “ஹலோ, ஹலோ, கேக்குதா, யாரு பேசறது?” என்று கத்துவது எனக்கே கேட்டது. இவர் வாயைத் திறந்தார். காற்று கழுத்து வழியாகப் போனது. அடுத்த நொடி போனைத் தரையில் வீசி அடித்தார். நான் திட்டவில்லை. திட்டுகிற மாதிரியா இருந்தது அவர் முகம்?

கண்ணாடி விரிசல் விட்டு, கீழ்ப் பக்கத்தில் மை கொட்டின மாதிரி ஒரு கருப்புக் கறை விழுந்தது. சார்ஜ் போடுகிற ஓட்டை நசுங்கிவிட்டது. ஒயரைச் செருகி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் சார்ஜ் ஏறும், கையை எடுத்தால் நின்றுவிடும். கடைத்தெருவில் போன் ரிப்பேர் செய்கிற பாயிடம் காட்டினோம். அவர் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“இதுல கைய வெச்சா மொத்தமா அவுட் ஆனாலும் ஆவும்மா. மொதல்ல உள்ள இருக்கறத எடுத்துக்குங்க. ஒயர்ல வராது, வைஃபைலதான் எடுக்கணும். அப்புறம் கொண்டாங்க.” அப்போதே அவரிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் போனைச் சட்டென்று பையில் போட்டுக்கொண்டார். அதில் பேசியதை வேறு யாரும் கேட்கக் கூடாது என்று அவருக்கு.

ஆக, மறுபடியும் மேசை, போன், லேப்டாப், ஜெர்மனி. ஹாட்ஸ்பாட்டுக்கு பாஸ்வேர்டு கேட்டது. போட்டது நான்தான், ஆனால் என்ன போட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தோம். மகள் சொன்ன ஆப் ஒன்றை ஏற்றினோம். போனில் ஒரு நம்பர் வந்தது, அதை லேப்டாப்பில் தட்டினேன். ஒரு பக்கம் திறந்தது.

“மொதல்ல சின்ன வீடியோவ அனுப்பிப் பாரும்மா. கீழ அம்புக்குறி இருக்கும். அத அமுக்கு” என்றாள் மகள்.

அவருடைய போன் கன்னடத்தில் இருந்ததால் அதைப் படிப்பது அவர் வேலை. ஒயரைச் சாய்த்துப் பிடிப்பது என் வேலை. அவர் வீடியோவை அழுத்திப் பிடித்து, அம்புக்குறியைத் தொட்டார். ஒரு பெட்டி வந்தது. அதில் இரண்டு பட்டன். இடது பக்கம் ‘ரத்து’. வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டி, உதட்டை அசைத்து, கையை முன்னால் வீசினார். ‘களிஸி’. அனுப்பு. இதுகூடத் தெரியாதா எனக்கு? ‘மகன பஸ் ஸ்டாப்புக்குக் களிஸி, வண்டிய இப்படிக் களிஸி’ என்று நாள் முழுக்கக் காதில் விழுகிற சொல்தானே.

அமுக்கினார். லேப்டாப்பில் வந்து உட்கார்ந்தது அந்தச் சின்ன வீடியோ. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒயர் இல்லை, ஒன்றும் இல்லை, காற்றில் வந்துவிட்டதே! “பாத்தியா, நம்ம கிட்டயும் நடக்குது” என்றேன். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

பெரிய வீடியோவை அனுப்பத் தொடங்கினோம். ஒரு கோடு தெரிந்தது. அது நகர்ந்தது, நகர்ந்தது, எறும்பு ஊர்கிற மாதிரி நகர்ந்தது. நான் குனிந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கழுத்து வலித்தது. பாதிக்கு மேல் போயிருக்கும், வாசலில் கேஸ்காரர் பெல் அடித்தார். திரும்பினேன், அவ்வளவுதான். ஒயர் நழுவி, போன் அணைந்து, கோடு செத்தது. லேப்டாப்பில் பாதியும் இல்லை, கால்வாசியும் இல்லை. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராதாம். இது என்ன அநியாயம்? பாதி சோறு வெந்தால் பாதியாவது சாப்பிடலாமே.

“நாளைக்குப் பாக்கலாம்மா. ஃபுல்லா சார்ஜ் ஏத்தி வெச்சிரு” என்றாள் மகள்.

சாயந்திரம் முழுக்க மாறி மாறி ஒயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மத்தியானம் மகளை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் போனைத் திறந்தால், கறை பெரிசாகியிருந்தது. முந்தின நாள் ஓரமாக இருந்தது, இப்போது கீழ்ப் பகுதி முழுக்கப் பரவி நடுவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு மொத்தமும் கருத்துவிட்டால்?

“சட்டுனு அனுப்பிருய்யா” என்றேன்.

அவர் பெரிய வீடியோவை அழுத்திப் பிடித்தார். கீழே அம்புக்குறி இருக்கிற இடம் கறைக்குள் இருந்தது. முந்தின நாள் தொட்ட இடத்தை நினைவு வைத்து, கறைமேல் விரலை வைத்தார். பெட்டி வந்தது. அதே மாதிரிப் பெட்டி. மேலே எழுதியிருந்தது கறைக்குள். இடது பக்கம் ‘ரத்து’ தெளிவாகத் தெரிந்தது. வலது பக்கப் பட்டனின் முதல் எழுத்து கறைக்குள் போயிருந்தது. மீதி தெரிந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கிப் படித்தார். என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். களிஸி.

“அமுக்கு” என்றேன்.

அமுக்கினார். கோடு வரவில்லை. எறும்பு ஊரவில்லை. கண் சிமிட்டுகிற நேரத்தில் பெட்டி மூடிக்கொண்டது. போனில் இருந்த வரிசையில் அந்த வீடியோ இல்லை.

“போயிடுச்சு!” என்று கத்தினேன். “போயிடுச்சுடி! இன்னைக்கு ஒரே செகண்டுல போயிடுச்சு!”

அவர் இரண்டு கையையும் தட்டினார். நான் ஓடிப்போய் டீ வைத்தேன், சர்க்கரை தூக்கலாக. மகள் மட்டும் நம்பவில்லை.

“அவ்ளோ சீக்கிரமாவா? லேப்டாப்ல பாரும்மா.”

லேப்டாப்பில் அந்தச் சின்ன வீடியோ மட்டும் உட்கார்ந்திருந்தது. வேறு இடத்தில் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். கீழே தள்ளிப் பார்க்கச் சொன்னாள். தள்ளினேன். என் போன் கேமராவைத் திருப்பி இரண்டையும் காட்டச் சொன்னாள். காட்டினேன். அதற்குள் டீ ஆறிவிட்டது.

“எந்தப் பட்டன் அமுக்கினீங்க?”

“களிஸி.”

“அப்ப சரிதானே…” என்றாள். அவள் குரலே இறங்கிவிட்டது. “எங்கயாவது நடுவுல மாட்டிக்கினு இருக்கும்மா. ரெண்டையும் ஆஃப் பண்ணாத. அப்படியே வெச்சிரு. வந்தாலும் வரும்.”

படித்தவள் சொல்கிறாள் என்று நம்பினேன்; ஆறுதலுக்குச் சொன்னாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பொழுது சாயும்வரை ஒயரை விடாமல் பிடித்துக்கொண்டு, போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வெறும் மேசைத் துணிதான் இருந்தது. பூப்போட்ட துணி. அதில் எங்கே மாட்டியிருக்கும் ஒரு மனுஷனுடைய குரல்? ஒரு தடவை, யாரும் பார்க்காதபோது, அந்த இடத்தில் கையைக்கூட வீசிப் பார்த்தேன். என்னை நானே திட்டிக்கொண்டேன். அவர் எதிரே உட்கார்ந்து என் கையில் வலி என்று தெரிந்து ஒயரை வாங்கிக்கொண்டார். ஃபேன் ஓடினால் தடுக்குமோ என்று அதையும் நிறுத்தினார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

காலையில் இரண்டு பேரும் பாய் கடைக்குப் போனோம். வீடியோ நடுவழியில் மாட்டிக்கொண்டது, எடுத்துக் கொடுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அது நல்ல மனசு. உள்ளே போய் அதே மாடலில் ஒரு பாழாய்ப்போன போனைத் தேடி எடுத்து, அதன் திரையைக் கழற்றி, எங்கள் போனோடு ஒரு பட்டையால் இணைத்தார். செக் பண்ணுவதற்கு மட்டும் என்றார். திரை பளிச்சென்று எரிந்தது. கறை இல்லாத அந்தப் போனைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

“எப்படி அனுப்பினீங்கன்னு செஞ்சி காட்டுங்க” என்றார் பாய்.

என் வீட்டுக்காரர் மிச்சமிருந்த சின்ன வீடியோவை அழுத்திப் பிடித்தார். கீழே படங்கள் வரிசையாக வந்தன. அம்புக்குறி ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு குப்பைத் தொட்டி. முந்தின நாள் கறைமேல் வைத்த அதே இடத்தில் விரலை வைத்தார். விரல் குப்பைத் தொட்டியின்மேல் இருந்தது. பெட்டி வந்தது. வலது பக்கப் பட்டன் முழுசாகத் தெரிந்தது.

அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கடை மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னய்யா? என்னா எழுதிருக்கு?” என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அது வெறும் கோடும் சுழியும். “பாய், நீங்களாவது சொல்லுங்க, என்னா அது?”

பாய் பெட்டியை ‘ரத்து’ செய்துவிட்டுத்தான் பேசினார். “‘அளிஸி’ம்மா.”

“அதான், களிஸி. அனுப்பு.”

“களிஸி இல்லம்மா. அளிஸி. முன்னாடி ‘அ’ இருக்கு பாருங்க. டிலீட்.”

ஓர் எழுத்து. ஒரே ஓர் எழுத்து. அனுப்புவதற்கும் அழிப்பதற்கும் நடுவில் அவ்வளவுதான் இருந்தது, அதன்மேல் போய்க் கொட்டியிருந்தது அந்தக் கறை. யார்மேல் கோபப்படுவது? எழுத்தின்மேலா, கறையின்மேலா, வீசி அடித்த கையின்மேலா? அமுக்கு என்று நான்தானே சொன்னேன் என்று ஆரம்பித்தேன். அவர் என் கையை அழுத்திப் பேச்சை நிறுத்தினார்.

பாய் தன் கம்ப்யூட்டரில் ஏதேதோ போட்டுத் தேடிப் பார்த்தார். மத்தியானம் வரச் சொன்னார். போனோம். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: “பேரு மட்டும் வருதும்மா. தொறந்தா உள்ள ஒண்ணும் இல்ல. போயிடுச்சு.”

முந்தின நாள் நான் கத்தினேனே, அதே சொல்தான். போயிடுச்சு. சர்க்கரை தூக்கலாக டீ வேறு போட்டேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டம்மா காத்துக்கொண்டிருந்தாள். “ஏனாய்த்துக்கா, என்னாச்சு?” என்றாள். “போன் அளிஸிடுச்சு” என்று மட்டும் சொன்னேன்.

“யாரு அளிஸிதரு? எதுக்கு அழறீங்க?” என்று பதறினாள். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பட்டனில் இருந்த சொல் அது என்று விளக்கினேன்.

“எங்க பாஷைல ரெண்டுக்கும் அதே வார்த்தைதான்க்கா. அழிக்கிறதும் அளிஸோது, ஒருத்தர அழ வெக்கறதும் அளிஸோது.”

இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து இது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்து மட்டும் என்ன செய்திருப்பேன்?

மகளிடம் சொன்னேன். அவளும் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்தச் சின்ன வீடியோ இருக்கில்ல, அத அனுப்பும்மா” என்றாள். அது அளவில் சின்னது, லேப்டாப்பிலிருந்து அப்படியே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள். “பத்தாதும்மா. அப்பா பேசறது ரெண்டு மூணு வரிதான். மீதியெல்லாம் நீ பேசறே.”

நான் அதுவரை அந்த வீடியோவை ஓட்டிப் பார்த்ததே இல்லை. அனுப்புவதிலேயே உயிர் போய்க்கொண்டிருந்தது, பார்க்க எங்கே நேரம்? அவர் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் லேப்டாப்பைத் தூக்கிவந்து கட்டிலில் வைத்து, அவரை எழுப்பி உட்கார வைத்தேன். அந்த வீடியோவைத் தொட்டேன்.

திரையில் அவர் முகம் ரொம்பக் கிட்டத்தில் வந்தது. கழுத்தில் துளை இல்லை. துணி இல்லை.

“ஏமே, ஓடுதா?” என்றது அந்தக் குரல். வீடே நிறைந்துபோயிற்று. பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

“ஓடுது, ஓடுது. செவப்பா எரியுது பாரு” என்றேன் வீடியோவில். என் குரல் அவ்வளவு கடுகடுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“நான் பேசறது கேக்குதா?”

“கூரை பிச்சிக்கினு போற மாரி கத்திட்டு, கேக்குதான்னு கேக்கறான் பாரு. கேக்குதுய்யா. பேசு.”

“அப்ப நீ வெளிய போ. நீ எதிர்ல நின்னா எனக்குப் பேச வராது.”

நாற்காலி இழுபடும் சத்தம். அவ்வளவுதான். முடிந்தது.

மறுபடி ஓட்டினேன். மறுபடி வெளியே போ என்றார். மூன்றாவது தடவை ஓட்டும்போது என்னால் உட்கார முடியவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் என்ன பேசினார் என்று இனி எனக்குத் தெரியவே போவதில்லை. நீயே கேட்டுக்க என்று சொன்னாரே. எழுந்து சமையலறைக்குப் போகப் போனேன், அன்றைக்குப் போன மாதிரியே.

முந்தானை இழுபட்டது. அவர் விடவில்லை. கட்டிலில் தன் பக்கத்து இடத்தைத் தட்டினார். உட்கார்ந்தேன். ஸ்லேட்டை எடுத்து நீட்டினேன். அதைத் தள்ளி வைத்துவிட்டார். என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்து, உதட்டை அசைக்கத் தொடங்கினார். நீளமாக, நிறுத்தாமல். அந்த உலை வைத்த நாளில் பேசியதைத்தான் முதலிலிருந்து பேசுகிறார் என்று தெரிந்தது. நடுவில் ஓர் இடத்தில் தோள் குலுங்கியது, அங்கேதான் அன்றைக்குச் சிரித்திருப்பார். கழுத்துத் துணி மட்டும் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. என் பெயர் ஒரு தடவை வந்தது, அதைப் பிடித்தேன். வேறு ஒன்றும் பிடிபடவில்லை.

முடித்துவிட்டு, என்னையே பார்த்தார். கடைசியாக ஒரு சொல் கேட்டார். அது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

கேக்குதா?

“கேக்குதுய்யா” என்றேன்.